இணையதளத்துக்கு ஊக்கம் எதற்கு?

பொருநை புத்தகத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். கவிதைப் புத்தகங்களின் முன்னால் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். தன்னம்பிக்கைப் புத்தகங்கள் அடுக்கியிருக்கும் இடத்தில் கல்லூரிப் பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும் என்று இலக்கிய நண்பர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு சின்னச் சின்னக் கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் இணையதளம் கட்டிக் கொடுத்து, கட்டியதைப் பராமரித்துப் பிழைக்கிறவன் நான். கல்யாண மண்டபம், பல் ஆஸ்பத்திரி, பாய் வியாபாரம், அப்பளக் கம்பெனி, டியூஷன் சென்டர் என்று கலவையான ஆட்கள். கணினிப் புத்தகங்கள் சொல்லித் தராத சில விஷயங்கள் இந்தத் தொழிலுக்கு வேண்டியிருக்கின்றன. அவற்றை அந்த அடுக்கிலிருந்துதான் எடுத்தேன்.

முழு அடுக்கையும் சொல்லவில்லை. தன்னம்பிக்கை எழுத்தில் இரண்டு பாதி உண்டு. ஒரு பாதி நம்மைச் சூடேற்றும்: கனவு காண், உன்னால் முடியும், வெற்றி வாசலில் நிற்கிறது. இன்னொரு பாதியில் சுவாரசியமே இருக்காது: எந்த வேலையை எப்போது செய்வாய் என்று முன்கூட்டியே முடிவு பண்ணு, வேண்டாததைத் தூக்கிப் போடு, உன் கையில் இல்லாததை நினைத்துப் புலம்பாதே. இணையதளத்துக்கு முதல் பாதியால் ஒரு பைசாவுக்குப் பிரயோஜனமில்லை. இரண்டாவது பாதி மனிதர்களிடம் எவ்வளவு பலிக்கும் என்பது சந்தேகம்தான், ஆனால் தளத்தில் நன்றாகவே பலிக்கிறது. தளத்துக்கு மனநிலை என்று ஒன்று கிடையாதே. ஒரு ஒழுங்கை ஏற்பாடு செய்து வைத்துவிட்டால் அது சோம்பல்படாது. சோம்பல்படுவது தளத்தின் சொந்தக்காரரும், அதைப் பார்த்துக்கொள்கிற நானும்தான். எங்கள் இருவரின் சோம்பலையும் கணக்கில் வைத்துத்தான் ஒழுங்கை அமைக்க வேண்டும்.

முதல் பாதியின் கெடுதலை முதலில் சொல்லிவிடுகிறேன். புதிதாகத் தளம் தொடங்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இரண்டு பெட்டி: எங்கள் தொலைநோக்கு, எங்கள் குறிக்கோள். ஒரு கல்யாண மண்டபத்துத் தளத்தை எடுத்துக்கொள்வோம். 'தரமான சேவையின் மூலம் வாடிக்கையாளர் நெஞ்சங்களில் நீங்கா இடம் பெறுவதே எங்கள் தொலைநோக்கு' என்று முகப்பில் பெரிய எழுத்தில் ஓடும். அதைப் பார்க்க வருகிறவர் யார்? பெண்ணுக்கு நிச்சயம் முடித்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல் போனைத் தடவிக்கொண்டிருக்கிற ஒரு அப்பா. ஆவணியில் எந்த முகூர்த்தம் காலியாக இருக்கிறது, ஒரு பந்திக்கு எத்தனை பேர் உட்காரலாம், சமையலுக்கு நம்ம ஆளைக் கூட்டி வரலாமா அல்லது மண்டபத்துக்காரர் சொல்கிற ஆள்தானா, ஜெனரேட்டருக்கு டீசல் யார் கணக்கு, பாத்திர வாடகை தனியா, வேன் நிறுத்த இடம் இருக்கிறதா. இவ்வளவுதான் அவருக்குத் தெரிய வேண்டும். இதில் ஒன்றுகூட அந்தத் தளத்தில் இருக்காது. வரவேற்புப் பாட்டு மட்டும் தானாக ஓடும்.

முடிவை மனதில் வைத்துக்கொண்டு தொடங்கு என்பது நல்ல அறிவுரை. யாருடைய முடிவு என்பதில்தான் தடம் மாறிவிடுகிறது. ஐந்து வருஷத்தில் நீங்கள் என்ன ஆக வேண்டும் என்று நான் கேட்பதில்லை. வந்தவர் பக்கத்தை மூடிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறேன். போன் பண்ண வேண்டுமா, நேரில் வர வேண்டுமா, அங்கேயே பணம் கட்ட வேண்டுமா? ஒரே ஒரு பதில் சொல்லுங்கள் என்றால் பாதிப் பேர் திணறிவிடுவார்கள். பதில் கிடைத்துவிட்டால் முகப்பின் வடிவம் முக்கால்வாசி தானாகவே முடிவாகிவிடும்.

பத்தமடைப் பாய் விற்கிற ஒரு குடும்பத்துக்காக வேலை செய்தபோது இது நன்றாகத் தெரிந்தது. கோரையைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கிழித்து, மெல்லிய இழையாக்கி, பருத்தி நூலைப் பாவாக வைத்து நெய்கிற பாய். 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அந்தப் பெருமையை முழுக்க முகப்பில் எழுத வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை, நியாயமான ஆசைதான். ஆனால் தளத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள், கல்யாணத்துக்குப் பாய் வாங்க வருகிறவர்கள். பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் பாயிலேயே நெய்து தருவார்களா, எத்தனை நாளுக்கு முன்னால் சொல்ல வேண்டும், கூரியரில் சுருட்டி அனுப்பினால் ஓரம் மடங்குமா, பட்டுப்பாய்க்கும் சாதாரணப் பாய்க்கும் விலையில் ஏன் இவ்வளவு வித்தியாசம். இந்தக் கேள்விகளின் பதில்களை மேலே ஏற்றினோம். வரலாறு கீழே போனது. வரலாறு வேண்டுகிறவர்கள் கீழே போய்ப் படிக்கத்தான் செய்கிறார்கள்.

இந்தக் கேள்விகளை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு மென்பொருள் எதுவும் வேண்டாம். கடை போனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய நோட்டையும் பேனாவையும் வைத்துவிட வேண்டும். யார் கூப்பிட்டு எதைக் கேட்டாலும் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் அதற்கான பதில் தளத்தில் இல்லை, அல்லது இருந்தும் கண்ணில் படவில்லை என்று அர்த்தம். தளத்தில் எத்தனை பேர் நுழைந்தார்கள் என்று காட்டுகிற வரைபடத்தைவிட இந்த நோட்டை நான் அதிகம் நம்புகிறேன். பொருளியலில் சார்லஸ் குட்ஹார்ட்டின் விதி என்று ஒன்று சொல்வார்கள். அவர் 1975-இல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்னதைப் பின்னால் வந்தவர்கள் இப்படிச் சுருக்கினார்கள்: ஓர் அளவையை இலக்காக்கிவிட்டால் அது நல்ல அளவையாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. வருகை எண்ணிக்கையை இலக்காக்கிய தளங்கள் எல்லாம் இன்றைய ராசிபலன் போட ஆரம்பித்துவிட்டன. பல் ஆஸ்பத்திரித் தளத்தில் ராசிபலன் எதற்கு என்று கேட்டால், 'ஆள் வருதுல்லா அண்ணாச்சி' என்பார்கள். ஆள் வருகிறது. பல் பிடுங்க யாரும் வரவில்லை.

சரி, கட்டியாயிற்று. இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. தளம் திறக்கிற அன்றைக்கு உற்சாகத்துக்குக் குறைவே இருக்காது. சுவீட்டு வாங்கிக் கொடுப்பார்கள். வாட்சாப்பில் எல்லாருக்கும் சுட்டி போகும். அடுத்த தீபாவளிக்குள் விலைப் பட்டியல் பழசாகியிருக்கும், கொடுத்திருக்கிற போன் நம்பர் வேலையை விட்டுப் போன பையனுடையதாக இருக்கும், 'எங்களைத் தொடர்பு கொள்க' படிவத்தில் வந்த மடல்கள் யாரும் திறக்காத ஒரு பெட்டியில் குவிந்து கிடக்கும். அவர்கள் கெட்டிக்காரர்கள், உழைப்பாளிகள். வியாபாரத்தில் ஒரு ரூபாய் தவறவிட மாட்டார்கள். தளம் மட்டும் அவர்களுடைய அன்றாடத்தில் எந்த இடத்திலும் ஒட்டிக்கொள்ளவில்லை.

'21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும்' என்பது எல்லாருக்கும் தெரிந்த வாக்கியம். அதன் கதை வேடிக்கையானது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புது முகம் பழகுவதற்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960-இல் எழுதினார். அந்தக் 'குறைந்தது' வழியிலேயே எங்கோ விழுந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடைய சகாக்களும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2009-இல் வெளியானது. ஒரு செயல் தானாக நடக்கிற பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்தும் செயலைப் பொறுத்தும் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இது தினமும் செய்கிற வேலைகளுக்கு. தளத்தின் வேலையோ மாதம் ஒருமுறை வருவது. 66 தடவை செய்து பழக்கமாக்குவது என்று வைத்துக்கொண்டால் ஐந்தரை வருஷம் வேண்டும். ஆகவே தளப் பராமரிப்பு ஒருநாளும் பழக்கம் ஆகாது என்று ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

அதற்குப் பதில் ஒரு வழி இருக்கிறது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களில் ஆராய்ந்தது: 'இதைச் செய்வேன்' என்று உறுதி எடுப்பதைவிட, 'இது நடக்கும்போது அதைச் செய்வேன்' என்று முடிச்சுப் போட்டு வைத்தால் வேலை நடப்பதற்கான வாய்ப்பு கூடுகிறது. நம் ஊரில் இந்த முடிச்சுக்குக் கொக்கிகள் நிறைய உண்டு. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, யாரும் மறப்பதில்லை, மறந்தால் பீஸைப் பிடுங்கிவிடுவார்கள். கரண்ட் பில் கட்டியதும் தளத்தைத் தன் போனிலேயே திறந்து பார்க்க வேண்டும் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நம்பரை அழுத்தினால் சரியான போனுக்குப் போகிறதா, விலை சரியா, படிவத்தை நிரப்பி அனுப்பினால் நமக்கு வந்து சேர்கிறதா என்று பார்த்தால் போதும். அப்பளக் கம்பெனிக்காரர் ஒருவர் இதை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டார். கடையைக் கழுவிச் சாம்பிராணி போட்டதும் தளத்தையும் ஒரு பார்வை. போட்டோவுக்குப் பூ வைக்கிற நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது என்றார்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் குடிமராமத்துதான் ஞாபகம் வரும். தாமிரபரணியில் கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் 8 அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள், கால்வாய்களை நம்பிய குளங்கள். கார் சாகுபடிக்கு ஜூன் மாதம் தண்ணீர் திறப்பதற்கு முன்னால் கால்வாயில் மண்டிய அமலைச் செடியையும் வண்டலையும் எடுத்தால்தான் கடைமடைக்குத் தண்ணீர் போகும். தண்ணீர் வந்த பிறகு எடுக்க முடியாது. இதை ஊரே சேர்ந்து செய்கிற வழக்கத்துக்குத்தான் குடிமராமத்து என்று பெயர். ஊர்க்காரர்களின் நல்ல மனதால் எல்லாம் நடந்தது என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஆனால் 1858-இல் சென்னை மாகாணத்தில் இதற்காகக் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றே கொண்டு வந்தார்கள். நல்ல மனதை மட்டும் நம்பினால் கால்வாய் தூர்ந்துபோகும் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது. 2017 வாக்கில் அரசு அதே பெயரில் திட்டம் போட்டுப் பணம் ஒதுக்க வேண்டி வந்தது.

தளத்திலும் வண்டல் சேரும். வேர்டுபிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் செய்த தளம் என்றால் பிளக்கின்கள், அதாவது கூடுதல் வசதிக்காக அதில் ஒட்டுகிற துண்டு மென்பொருள்கள். எப்போதோ ஒரு பொங்கல் வாழ்த்துக்காகப் போட்ட பாப்-அப் பிளக்கின், யாரும் பயன்படுத்தாத சாட் பிளக்கின், ஒரே வேலையைச் செய்கிற மூன்று படிவப் பிளக்கின்கள். முடக்கி வைத்திருந்தாலும் அதன் கோப்புகள் சர்வரில் கிடக்கத்தான் செய்கின்றன. அதில் ஓட்டை இருந்தால் அது திறந்த கதவு. பயன்படாததை முடக்காதீர்கள், அழியுங்கள். இதைச் செய்வதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தளத்தை முழுக்க நகல் எடுத்து வைக்கிற பேக்கப், அப்புறம் அழிக்க வேண்டியதை அழிப்பது, அப்புறம் மிச்சமிருப்பதை ஒவ்வொன்றாகப் புதுப்பிப்பது, ஒவ்வொன்றுக்கும் பிறகு முகப்பையும் படிவத்தையும் பார்ப்பது. எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே பொத்தானில் புதுப்பித்தால், உடைந்தால் எது உடைத்தது என்று தெரியாது. தீபாவளி வாரத்திலும் முகூர்த்த மாதத்திலும் புதுப்பிக்கவே வேண்டாம்.

இதில் கவனிக்க வேண்டியது, மென்பொருள் செய்கிறவர்களே மனித மனத்தை நம்புவதை விட்டுவிட்டார்கள் என்பது. வேர்டுபிரஸ் 2003-இல் வந்தது. பயனர்கள் புதுப்பிக்க மாட்டார்கள் என்று பத்து வருஷம் பார்த்துவிட்டு, 2013-இல் 3.7 பதிப்பில் பாதுகாப்புத் திருத்தங்கள் தானாகவே நிறுவப்படும்படி செய்தார்கள். சில பிரவுசர்களில் தளத்தின் முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு அடையாளம் காட்டுகிறதே, இணைப்பு பாதுகாப்பானது என்பதற்கான அந்தச் சான்றிதழ் இன்னும் நல்ல உதாரணம். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிற சான்றிதழ் 90 நாளில் காலாவதியாகும் என்று தொடக்கத்திலேயே வைத்தார்கள். ஒரு வருஷம் என்றால் ஆட்கள் கையால் செய்யலாம் என்று நினைப்பார்கள், அப்புறம் மறப்பார்கள். 90 நாள் என்றால் தொல்லை தாங்காமல் தானியங்கியாக்கிவிடுவார்கள். அப்படித் தானியங்கியாக்க வைப்பதும் ஒரு நோக்கம் என்று அவர்களே சொன்னார்கள். மன உறுதியைப் பற்றி நான் படித்த அத்தியாயங்கள் எல்லாவற்றையும்விட இந்த முடிவில் மனித சுபாவம் பற்றிய அறிவு அதிகம் இருக்கிறது.

பேக்கப்பைப் பற்றிப் பேசாமல் நெல்லைச் சீமையில் எதையும் எழுத முடியாது, 2023 டிசம்பருக்குப் பிறகு. 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. ஆற்றங்கரையை ஒட்டிய பகுதிகளில் தரைத்தளக் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தளம் இருக்கிற சர்வர் மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும், அதற்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் அசல் போட்டோக்கள், விலைப் பட்டியல், வாடிக்கையாளர் பெயர்கள் எல்லாம் கடைக் கணினியில், அந்தக் கணினி மேஜைக்குக் கீழே தரையில். பேக்கப் என்று வைத்திருந்த ஹார்டு டிஸ்க் அதே மேஜையின் கீழ் இழுப்பறையில்.

சரி, எல்லாவற்றையும் சர்வரிலேயே வைத்துவிட்டால்? 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்து எரிந்தது. அங்கே தளம் வைத்திருந்தவர்களில் சிலருடைய பேக்கப்பும் அதே வளாகத்தில்தான் இருந்தது. இரண்டும் சேர்ந்து போயிற்று. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்றாவது வேறு ஊரில் என்பது பழைய விதி. பழைய விதியானாலும் அதை மிஞ்சி ஒன்றும் வரவில்லை. ஒன்று சர்வரில், ஒன்று கூகுள் டிரைவ் மாதிரி வேறோர் இடத்தில், ஒன்று சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருக்கிற மகள் வீட்டு அலமாரியில். மகள் வீட்டுக்கு எப்படியும் அடிக்கடி போவார்கள், முறுக்கு டப்பாவோடு ஹார்டு டிஸ்க்கும் போகட்டும். வருஷத்துக்கு ஒருமுறையாவது அந்தப் பேக்கப்பைத் திறந்து, அதிலிருந்து தளத்தை வேறோர் இடத்தில் எழுப்பிப் பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

வேண்டாததைத் தூக்கிப் போடு என்பதற்கு வருகிறேன். இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை, படங்களின் எடையை மட்டும் சொன்னால் போதும். போனில் எடுத்த ஒரு போட்டோ நாலைந்து எம்பி இருக்கும். இந்தக் கட்டுரை முழுவதும், தமிழ் யூனிகோடில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் எடுத்துக்கொண்டாலும், 100 கிலோபைட்டைத் தாண்டாது. முகப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும்படி ஐந்து போட்டோவை அப்படியே ஏற்றினால், அம்பாசமுத்திரத்தில் பஸ் ஏறிப் பாபநாசத்துக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறவருக்கு, ஒற்றைக் கோடு சிக்னலில், அது இறங்கி முடிவதற்குள் காரையாறு வந்துவிடும். பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் கண்ணில் பட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கிற அளவுகோல். போட்டோவை 1,600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வெப்பி என்ற எடை குறைந்த பட வடிவத்தில் ஏற்றினாலே பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். சுற்றுகிற படத்தை எடுத்துவிடுங்கள். இரண்டாவது படம் வருவதற்குள் ஆட்கள் கீழே போய்விடுகிறார்கள்.

இதைவிட எனக்கு உறுத்துவது, எழுத்தையே படமாக ஏற்றுவது. நம் ஊர் டிடிபி கடைகளில் பாமினி மாதிரி பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதில் அடித்ததைத் தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பையாக வரும். ஆகவே நோட்டீசை அப்படியே படமாக்கி ஏற்றிவிடுகிறார்கள். தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-இல். இன்னமும் பள்ளிக்கூட அறிவிப்பு, கோயில் கொடை விவரம், விலைப் பட்டியல் எல்லாம் படமாகவே வருகின்றன. படத்தில் இருக்கிற எழுத்தைத் தேட முடியாது, பெரிதாக்கினால் மங்கும், திரையில் இருக்கிற எழுத்தைக் குரலில் படித்துக் காட்டுகிற திரை வாசிப்பான் வாசிக்காது. பாளையங்கோட்டையில் நூற்றாண்டு கடந்த பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. அங்கே படித்துவிட்டு வேலைக்குப் போனவர்கள் இந்த ஊரெங்கும் இருக்கிறார்கள். என்விடிஏ மாதிரி இலவச மென்பொருள் வைத்து அவர்கள் இணையத்தைக் காதால் படிக்கிறார்கள். நம் நோட்டீசுக்கு வரும்போது மட்டும் அவர்களுக்குக் கேட்பது 'படம்' என்ற ஒரு சொல். யூனிகோடில் திரும்ப அடிக்க ஒரு அரைமணி நேரம் ஆகும். படம் போட்டே ஆக வேண்டும் என்றால் படத்தோடு சேர்த்துத் திரை வாசிப்பானுக்காகக் கொடுக்கிற மாற்று விளக்கத்தில் அதே செய்தியை எழுதிவிடலாம். அடுத்தவர் இடத்தில் நின்று பார் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அது கைகூட இந்த அரைமணி நேரம்தான் வழி.

கையில் இருப்பது, கையில் இல்லாதது என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிற பழைய அறிவுரை தளக்காரர்களுக்கு அவசியமானது. கூகுள் தேடலில் முதலிடம் நம் கையில் இல்லை. முகநூல் நம் பதிவை யாருக்குக் காட்டும் என்பதும் இல்லை. இலவசமாகத் தளம் கட்ட இடம் கொடுத்த ஜியோசிட்டீஸை யாகூ 2009-இல் மூடியது. கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. அடுத்தவர் நிலத்தில் வீடு கட்டியவர்கள் எல்லாரும் ஒரே நாளில் வெளியே வந்தார்கள். நம் கையில் இருப்பது தளத்தின் முகவரியான டொமைன் பெயர். அதாவது, இருக்க வேண்டியது. பெரும்பாலும் அதுகூட இருப்பதில்லை.

இந்தத் தொழிலில் நான் பார்க்கிற பெரிய துயரம் இதுதான். டொமைனை வாங்கிக் கொடுத்தவர் தளத்தைக் கட்டிய பையன். அவனுடைய மின்னஞ்சல், அவனுடைய போன் நம்பர். அவன் பெங்களூர் போய்விட்டான், அல்லது துபாய். புதுப்பிக்கச் சொல்லி வருகிற மடல்கள் அவன் பார்க்காத பெட்டிக்குப் போகின்றன. டாட் காம் மாதிரியான முகவரி காலாவதியானால் முதலில் சில வாரம் வழக்கமான கட்டணத்திலேயே மீட்க வாய்ப்பு இருக்கும். விற்ற நிறுவனத்தைப் பொறுத்து இது மாறும். அதன் பிறகு 30 நாள், கூடுதல் கட்டணம் கட்டி மீட்கிற காலம். அதுவும் போனால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். நல்ல பெயர் என்றால் அதற்கு முன்பே ஏலத்துக்குப் போய்விடுவதும் உண்டு. பல வருஷம் பெயர் எடுத்த ஒரு கடையின் முகவரியில் திடீரென்று சூதாட்ட விளம்பரம் ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? நம் ஆட்கள் அப்போதுதான் போனை எடுப்பார்கள்.

ஆகவே என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கிற கேள்வி, ஓடிபி யாருக்குப் போகிறது என்பதுதான். டிசைன், நிறம், லோகோ எல்லாம் அப்புறம். டொமைன் கணக்கு முதலாளி பெயரில், முதலாளி தினமும் பார்க்கிற மின்னஞ்சலில், முதலாளி நம்பரில் இருக்க வேண்டும். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி வைத்துவிட்டேன் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் புது விதி வந்த பிறகு, கார்டிலிருந்து தானாகப் பிடிக்கிற பணத்துக்குத் தனி அனுமதி வேண்டும் என்றாயிற்று. அந்த ஏற்பாட்டைச் செய்திராத வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் பணம் போகாமல் நின்றது. பத்து வருஷத்துக்கு ஒரேயடியாகக் கட்டிவிடலாமே என்பார்கள். கட்டலாம், டாட் காமுக்கு அதிகபட்சமே பத்து வருஷம்தான். ஆனால் பத்து வருஷம் தொடாத மின்னஞ்சல் இருக்குமா? இரண்டு வருஷம் பயன்படுத்தாத ஜிமெயில் கணக்கை அழித்துவிடலாம் என்று கூகுள் கொள்கையே வைத்திருக்கிறது. இரண்டு மூன்று வருஷத்துக்குக் கட்டி, முடிகிற தேதியைச் சொத்து வரி ரசீதோடு எழுதி வைப்பதுதான் நான் சொல்கிற வழி.

தன்னம்பிக்கை எழுத்து தடுமாறுகிற இடமும் இதுவே. அதில் எப்போதும் ஒரே ஒரு ஆள்தான் இருப்பார். அவர் விடிகாலையில் எழுவார், திட்டம் போடுவார், ஜெயிப்பார். அவருக்குக் காய்ச்சல் வந்தால் பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும் என்று எந்த அத்தியாயத்திலும் வராது. தளம் ஒரு ஆளின் தலைக்குள் இருக்கக்கூடாது. டொமைன் எங்கே வாங்கியது, தளத்துக்குச் சர்வரில் இடம் தருகிற ஹோஸ்டிங் எங்கே, எந்த மின்னஞ்சல், எந்த நம்பர், எப்போது முடிகிறது, பேக்கப் எங்கே இருக்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதி, வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்து, அவரை ஒருமுறை உள்ளே நுழைந்து பார்க்கச் சொல்ல வேண்டும். உள்ளே நுழைந்து பார்க்காதவரை கொடுத்ததாக அர்த்தமில்லை.

மண்டபத்துக்கார அண்ணாச்சி ஒருவரிடம் இதைச் சொல்லி, யாரிடம் கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். 'மவன்ட்ட குடுத்தா ஒரு வாரத்துல தொலைச்சிருவான். மருமவட்ட குடுக்கேன், அவ ஒரு துண்டுச் சீட்டக்கூட விடாம எடுத்து வைப்பா' என்றார். கொடுத்தார். இப்போது அந்தத் தளத்தை அந்த மருமகள்தான் பார்த்துக்கொள்கிறார். முன்பணம் வாங்கிய அன்றைக்கே அந்த முகூர்த்தத்தை நிரம்பியது என்று குறித்துவிடுகிறார், பந்திக் கணக்கும் டீசல் கணக்கும் முகப்பிலேயே இருக்கின்றன. அதோடு நிற்கவில்லை, மாதாமாதம் எனக்குத் தருகிற பராமரிப்புப் பணத்தில் எது எதற்கு என்று ஒரு பட்டியல் கேட்டு வாங்கி, பாதியை அவரே செய்துகொள்வதாகச் சொல்லிக் குறைத்தும்விட்டார்.